ரெக்கைத் துரையின் இன்ஜின் மவுண்ட்

நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டோரில் இப்போது ஒரு படிவம் வந்திருக்கிறதாம். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. மெசினில் ஏதாவது பழுது கண்ணில் பட்டால் அந்தப் படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். பெட்டி வைத்து ஆறு மாதமாகிறது. இதுவரை அதற்குள் கிடைத்தது இரண்டு வெற்றிலைக் காம்பும் ஒரு பழைய பஸ் டிக்கெட்டும்தான் என்று புது பிட்டர்கள் வந்து சொன்னார்கள். ஏன் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை என்று மனேஜர் கோபப்படுகிறாராம். நீங்கள் பழைய ஆள், ஒரு அனுபவத்தை எழுதிக் கொடுத்தால் பயிற்சி வகுப்பில் வாசித்துக் காட்டலாம் என்று கேட்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் பெட்டி நிரம்பி வழியும் என்று மனேஜர் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் தொழில் கற்ற கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். அது வேறு தோட்டம், அப்பா அங்கே ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளினார். சுதந்திரம் வந்தது என்று கொடி ஏற்றிய வருஷம் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். கொடி மாறியது, பங்களாவில் வெள்ளைக்காரத் துரை மாறவில்லை, அதனால் எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஹட்டனில் ஒரு கராஜில் ஒரு வருஷம் கேஸ் வெல்டிங் பழகிவிட்டு வந்தேன். வந்தபோது அந்த மலையில் மெல்லிசான இரும்பை ஓட்டை விழாமல் ஒட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஆனால் எனக்கு உண்மையில் பாடம் சொன்னது சல்லடை மெசின். காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்க அது காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஆடும். அதன் இரும்புக் கால்களில் குறுக்குக் கம்பி இருந்தால் வருஷக்கணக்கில் நிற்கும். யாராவது கூட்டுவதற்கு இடைஞ்சல் என்று அந்தக் குறுக்கைக் கழற்றிவிட்டால், மூன்று மாதத்தில் கால் விரிசல் விடும். ஒட்டின இடத்தில் விடாது, ஒட்டுக்குப் பக்கத்தில், ஒரு நூல் தள்ளி விடும். அதன் மேலேயே திரும்ப ஒட்டினால் இன்னொரு நூல் தள்ளி விடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. குறைந்தது இருபது கால் ஒட்டியிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு புதுப் பெரிய துரை வந்தார். யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். வந்து இரண்டு வருஷம் ஒழுங்காகத் தேயிலையைப் பார்த்தார். அப்புறம் சீமையிலிருந்து கப்பல் தபாலில் ஒரு பெரிய காகிதச் சுருள் வந்தது. ஒரு ஆள் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தை வீட்டிலேயே கட்டுவதற்கான வரைபடம். எங்கள் தோட்டத்தில் ஒரு கோலிக்குண்டைக் கீழே வைத்தால் அது அடுத்த டிவிசனில் போய்த்தான் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் விமானம் கட்ட ஆரம்பித்தார். சனங்கள் அவருக்கு உடனே ரெக்கைத் துரை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கொழுந்து வாட்டும் மேல்மாடி ஒன்று சும்மா கிடந்தது. அங்கேதான் மரச் சட்டங்களை வைத்து இறக்கைகளைக் கட்டினார்கள். தோட்டத்துத் தச்சர் ஆறு மாதம் இழைத்தார். எல்லாம் முடிந்து கீழே இறக்கும் நாளில்தான் இறக்கை மாடிக் கதவைவிட நீளம் என்று துரைக்குத் தெரிந்தது. ஜன்னலையும் சுவரில் ஒரு பகுதியையும் இடித்துத்தான் இறக்கினோம். தச்சருக்கு அது முதல் வாரமே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "தொரை சரிதானேன்னு கேட்டாரு, சரிங்கன்னு சொன்னேன். கதவப் பத்தி அவரு கேக்கலையே," என்றார் தச்சர்.

இங்கே துரையின் பேச்சு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த வேலையைச் சொன்னாலும் கடைசியில் "சரிதானே?" என்று ஒரு கேள்வி கேட்பார். கேட்டுக்கொண்டே ஒரு கால் எடுத்து வைத்துவிடுவார். நாம் பதில் சொல்லும்போது அவருடைய முதுகுதான் இருக்கும். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு இருந்தது ஒரே பதில்: "சரிங்க தொரை." புரிந்தது என்றால் சரிங்க. புரியவில்லை என்றாலும் சரிங்க. செய்கிறேன், செய்ய மாட்டேன், உங்களுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதே சரிங்கதான். இவ்வளவு சிக்கனமாகப் பேசிக்கொண்ட இரண்டு சாதியை உலகத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

விமானத்துக்கு வரைபடத்தில் சொன்ன இன்ஜின் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த நேரம். துரை என்ன செய்தார் தெரியுமா? ஹட்டன் ரோட்டு வளைவில் பள்ளத்தில் உருண்டுபோன ஒரு முதுகு வளைந்த ஜெர்மன் காரின் இன்ஜினை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் டீமேக்கர் ஐயா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டீமேக்கர் என்றால் ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், எனக்கு நேர் அதிகாரி. மெதுவாக என் காதில், "ஏற்கனவே ஒரு தடவ பறந்த இன்ஜின்தானே, பழக்கம் இருக்கும்," என்றார்.

கார் இன்ஜின் வந்ததால், வரைபடத்தில் இருந்த இன்ஜின் மவுண்ட் உதவாமல் போனது. மவுண்ட் என்பது விமானத்தின் மூக்கில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் குழாய்க் கூடு. ஓட்டுகிறவரின் காலுக்கு முன்னால் ஒரு தகரச் சுவர் இருக்கும். அதன் நாலு மூலையில் நாலு போல்ட். இன்ஜினின் முதுகில் நாலு காது. இந்த நாலையும் அந்த நாலையும் மெல்லிய இரும்புக் குழாய்களால் இணைக்க வேண்டும். ஸ்டோரில் நான் பார்த்த இன்ஜின்களெல்லாம் ஆள் உயரக் காங்கிரீட் மேடையில் உட்கார்ந்திருப்பவை. இது ஒரு கையால் தூக்கக்கூடிய கூட்டில், காற்றில் தொங்கிக்கொண்டே ஆட வேண்டியது. இடையில் ரப்பர் வைத்தாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

துரை அதைத் தானே வடிவமைத்தார். பாக்கிங் அறையின் சிமெந்துத் தரையில் அசல் அளவிலேயே சோக்குக் கட்டியால் வரைந்தார். அரைக் காற்சட்டையோடு முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து வரைந்தார். பெரட்டில் அவர் நிற்கிற நிலைக்கும் அந்தத் தவழலுக்கும் சம்பந்தமே இல்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு கோடு போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடிப்பேன். முதல் முறையாக ஒரு துரையின் தலையை மேலிருந்து பார்த்தேன். நடுவில் வழுக்கை விழுந்திருந்தது.

கூட்டின் நாலு பக்கமும் நாற்சதுரமாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குழாய் போட்டால் அது முக்கோணமாகி இறுகிவிடும். மூன்று பக்கத்துக்குப் போட்டார். இடது பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டதும் அது கார்புரேட்டரின் குழாயில் போய் முட்டியது. துரை எழுந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சப்பாத்துக் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"இது தேவை இல்லை. மூன்று பக்கம் போதும். சரிதானே?"

சல்லடை மெசினின் அத்தனை காலும் என் கண் முன்னால் வந்து நின்றது. எந்த மூலை வெடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியும்: கீழே, இடது பக்கம், ஒட்டுக்கு ஒரு நூல் தள்ளி. அதைவிட மோசம், மற்ற இரண்டு மூலைக்கும் இடையில் எதிர்ப்பக்கமாகக் குறுக்கைப் போட்டால் கார்புரேட்டரில் படாது, சைலன்சர் பைப்பை மட்டும் ஒரு சாண் ஒதுக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தது. சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

"சரிங்க தொரை," என்றேன்.

குழாய் சீமையிலிருந்து வந்தது, நகத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. தடித்த பலகையில் நாலு போல்ட்டை இறுக்கி, அதில் குழாய்களை நிறுத்தி, முதலில் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு புள்ளி மட்டும் வைத்தேன். அடுத்தடுத்த மூட்டை ஒட்டினால் சூட்டில் கூடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதனால் மேல் இடது என்றால் அடுத்தது கீழ் வலது, இப்படி மாறி மாறி ஒட்டினேன். மலைமூட்டம் உள்ளே வந்து சூட்டு இரும்பில் பட்டால் அது நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும் என்பதால் ஜன்னலையெல்லாம் சாக்கால் அடைத்தேன். ஒவ்வொரு மூட்டையும் முடித்ததும் திரும்ப மங்கின சிவப்புக்குச் சுடவைத்து, அடுப்புச் சாம்பலை மேலே கொட்டி மெதுவாக ஆறவிட்டேன். மூன்று நாள் ஆனது. துரை பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வெடிக்கப் போகிற சாமானை இவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் விமானத்தின் வாலை ஸ்டோர் முற்றத்து மரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, துரை இன்ஜினை ஓடவிடுவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துச் சனம் முழுக்க வந்து நிற்கும். பொம்பளைகள் முக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை கங்காணியின் தலைப்பாகை பறந்து போய்த் தேயிலைச் செடியில் விழுந்தது. தோட்டத்தில் அந்த விமானம் பறக்கவைத்த முதல் சாமான் அதுதான். நான் மட்டும் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று கீழ் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் தெரியாது. நல்ல ஒட்டு, நான் பயந்தது வீண் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்படி நாலு மாதம் போனது.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது. துரை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பறப்பதென்று நாள் குறித்திருந்தார். நுவரெலியாவில் குதிரை ஓடும் திடலில் பறப்பது, அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் எல்லாம் வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. சனிக்கிழமை லொறியில் ஏற்ற வேண்டும்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் ஸ்டோரில் எல்லா மெசினையும் நிறுத்தி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்து, குழைத்த திருநீற்றால் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். ஒரு நாள் முழுக்க அவை ஓடாமல் ஓய்வெடுக்கும். டீமேக்கர் ஐயா பக்தி மிகுந்தவர். அதுவும் துரை பார்க்கிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாக மிகுந்தவர். "ஏரோபிளேனையும் விட்டுறாத வேலாயுதம். அதுக்குத்தான் முக்கியமாப் போடணும்," என்றார். நான் இன்ஜின் மூடியைக் கழற்றி, மவுண்ட்டையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கைக்கு எட்டிய மூட்டுகளுக்கெல்லாம் கெட்டியாகத் திருநீறு பூசினேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். எல்லா மூட்டிலும் திருநீறு வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. கீழ் இடது மூலையில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. தலைமயிர் தடிப்பு, ஒரு விரல் நீளம். ஒட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் திருநீற்றில் ஊறி வெளியே வந்திருக்கிறது.

திருநீற்றைத் துடைத்தேன். திரும்ப மண்ணெண்ணெய் தடவி, அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, மறுபடி பூசினேன். பக்கத்து மூட்டுக்கும் அதே மாதிரி செய்தேன். காய்ந்தது. பக்கத்து மூட்டு வெள்ளையாகவே இருந்தது. இதில் அதே கோடு அதே இடத்தில் வந்தது.

டீமேக்கர் ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"காய்ஞ்சா திருநீறு வெடிக்கும்," என்றார்.

"ஒரே எடத்துல ரெண்டு தடவ வெடிக்குமாங்க?"

"வேலாயுதம், இத நீ பாக்கல. நானும் பாக்கல. இன்னைக்கு நல்ல நாளு, வாயக் கழுவிட்டு சுண்டல் சாப்பிடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துரையிடம் எதிர்த்துப் பேசினால் கிடைப்பது பத்துச்சீட்டு. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது: அது வேலையிலிருந்து பேர் வெட்டும் சீட்டு. புருஷனுக்குக் கொடுத்தால் பொண்டாட்டி பேரும் சேர்ந்து வெட்டுப்படும். லயத்தில் குடியிருக்கும் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். சட்டி பானையோடு ரோட்டில் நிற்கிற ஆளை இன்னொரு தோட்டம் லேசில் எடுக்காது. ஒரு பக்கம் துரையின் உயிர், இன்னொரு பக்கம் என் அடுப்பு. துரை எனக்கு மாமனா மச்சானா? ஒரு நல்ல வார்த்தை பேசியிருப்பாரா? தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

சாயங்காலம் என் சம்சாரம் அன்னலெட்சுமியிடம் சொன்னேன். அவள் கொழுந்தெடுக்கும் கை, பேச்சும் அதே வேகம்தான்.

"அந்தத் தொரை செத்தா ஊருக்கு ஒருநாள் லீவு. நீங்க போயி சொன்னீங்கன்னா நமக்கு ஆயுசுக்கும் லீவு," என்றாள்.

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லத்தான் போறீங்க. மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. எந்தச் சாக்குல எதக் கட்டுறதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க. கடைசி நேரத்துல என்னால அல்லாட முடியாது."

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் ஆபீஸுக்குள் போக முடியாது. வெளியில் ஒரு ஜன்னல் உண்டு, அதன் முன்னால் நின்று பேச வேண்டும். ஜன்னல் உயரத்தில் இருக்கும், துரை உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் நாம் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கட்டினவன் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான்.

"தொரை, மவுண்ட்ல கீழ எடது மூலையில கீறல் விட்டிருக்குங்க."

"யார் ஒட்டினது?"

"நான்தாங்க."

"அப்போ மேலே இன்னொரு தரம் ஒட்டு. சரிதானே?" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைப் புரட்டத் தொடங்கினார்.

"சரியில்லங்க தொரை," என்றேன்.

உள்ளே கிளாக்கர்மாரின் பேனாச் சத்தம் நின்றது. துரை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, மேசை பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"அதுக்கு மேல ஒட்டுனா பக்கத்துல வெடிக்குங்க. அன்னிக்கு அழிச்சீங்களே, அந்தக் குறுக்குக் குழாய் வேணுங்க."

"நான் கணக்கு மூன்று தரம் பார்த்தது," என்றார். "உன் சாமிச் சாம்பல் வெடித்தது. இரும்பு வெடித்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பறக்கிறது. இன்னொரு வார்த்தை வந்தால் பத்துச்சீட்டு. சரிதானே?"

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு நாலு எட்டு வைத்த பிறகுதான் ஆட்டியது எனக்கே தெரிந்தது. அப்படி ஊறிப்போன பழக்கம் அது.

சனிக்கிழமை காலையில் லொறி வந்தது. விமானத்தைத் தூக்க இருபது ஆட்களைப் பெரட்டிலிருந்து நேராக அனுப்பியிருந்தார்கள். துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டீமேக்கர் ஐயா ஒரு தேங்காயோடு தயாராக நின்றார். நான் என் பெட்டியைத் திறந்து ஆக்ஸா பிளேடை எடுத்தேன். வீரம் என்று எழுத ஆசைதான். துரையின் முதுகு திரும்பும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். இன்ஜின் மூடியைக் கழற்றிவிட்டுக் கீழ் இடது குழாயில் அந்தக் கோட்டின் மேலேயே பிளேடை வைத்தேன். நல்ல குழாய் அறுபட எனக்குப் பத்து நிமிஷமாவது ஆகும், அதற்குள் யாராவது என்னை இழுத்துப் போட்டுவிடுவார்கள், ஆனாலும் பாதி அறுத்துவிட்டால் போதும், நாளைக்குப் பறக்க முடியாது என்பது என் கணக்கு.

மூன்றாவது இழுப்பில் டக்கென்று குழாய் இரண்டாகப் போனது.

துரை கத்திக்கொண்டு ஓடிவந்தார். என் கையிலிருந்த பிளேடைப் பிடுங்கினார். அப்புறம் அறுபட்ட முனையைப் பார்த்தார். பார்த்தவர் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். முனையைச் சுற்றி இரும்பு கறுத்து, எண்ணெய் பிடித்துக் கிடந்தது. எல்லாம் பழைய விரிசல், என் கைக்கு எட்டாத பின்பக்கம் வரை சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஒரு நெல்மணி அகலம் மட்டும் பளபளவென்று புது இரும்பு. நான் அறுத்தது அவ்வளவுதான். அந்த நெல்மணியில் தொங்கிக்கொண்டுதான் அவர் மறுநாள் பறக்க இருந்தார்.

டீமேக்கர் ஐயா தேங்காயைப் பின்னால் மறைத்துக்கொண்டார். இருபது ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். துரை விரலால் அந்த முனையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வேலு. உனக்கு எப்போ தெரியும்?"

"பூச அன்னிக்குக் காலையிலங்க."

"இல்லை. இது உடையும் என்று. எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுவிட்டு நகரவில்லை, அதுதான் என்னைக் குழப்பிவிட்டது. அந்த மனிதர் என் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க கோட்ட அழிச்ச அன்னிக்கேங்க," என்றேன்.

"நாலு மாசம்," என்றார். "நாலு மாசம் நீ பக்கத்தில் நின்று பார்த்தது."

திங்கட்கிழமை பத்துச்சீட்டு வந்தது, ஒரு மாத நோட்டீஸோடு. குழாயை அறுத்ததற்காக இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலையில் பிழை இருப்பது தெரிந்தும் நாலு மாதம் சொல்லாமல் இருந்ததற்காக என்று கிளாக்கர் வாசித்துக் காட்டினார். வாயைத் திறந்தால் சீட்டு என்று சொன்ன அதே மனிதர், வாயைத் திறக்காததற்குச் சீட்டுக் கொடுத்தார். நான் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே லயத்துக்கு நடந்தேன், பாதி வழியில் அழுகை வந்தது. அநியாயம் என்று அழவில்லை. அந்தத் தோட்டத்தில் எனக்கு வந்த உத்தரவுகளில் மனசுக்குள்கூட மறுத்துப் பேச முடியாதது அது ஒன்றுதான், அதனால் அழுதேன்.

அன்னலெட்சுமி ஏற்கனவே சாக்குகளை அலசிக் காயப்போட்டிருந்தாள்.

அந்த நோட்டீஸ் மாதத்தில் என்ன செய்தேன் என்கிறீர்கள்? மவுண்ட்டை ஒட்டினேன். மறுநாளே துரை ஆள் அனுப்பினார். பாக்கிங் அறைத் தரையில் திரும்பவும் வரைந்தோம். இந்தத் தடவை சோக்குக் கட்டியை என் கையில் கொடுத்தார். குறுக்குக் கோட்டை எதிர் மூலையிலிருந்து போட்டேன், சைலன்சர் பைப்பை ஒரு சாண் ஒதுக்கினேன். "சரிதானே?" என்று கேட்டுவிட்டு நின்றார். பெட்ரோல் டாங்கியைக் கட்டியிருந்த பட்டி பிழை என்றேன். ஒரு போல்ட்டுக்குப் பூட்டுக் கம்பி இல்லை என்றேன். இறக்கையில் ஒரு கீல் இறுக்கம் என்றேன். ஒவ்வொன்றாகப் பதினேழு சொன்னேன், பதினேழையும் எழுதிக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் வேலை போனவனுக்குத்தான் வாய் இருந்தது. பழைய ஒட்டுகளையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு எட்டு மூலையும் புதிதாக ஒட்டினேன். முடிந்ததும் முற்றத்தில் பத்து மணி நேரம் ஓடவிட்டு, மண்ணெண்ணெய் தடவி, திருநீறு பூசிப் பார்த்தேன். துரையும் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அது காயும்வரை பார்த்தார். எட்டும் வெள்ளையாகவே இருந்தன.

சீட்டை ரத்துப் பண்ணுவார் என்று டீமேக்கர் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். துரை பண்ணவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி நாள் கைகொடுத்தார். அவர் கை குளிர்ந்திருந்தது.

நுவரெலியாவில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தோம். அன்னலெட்சுமி மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனாள், முதல் ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது அவளுடைய உரிமை.

வந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லொறி ஒன்றுக்கு அடியில் படுத்திருந்தேன். குதிரைத் திடல் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஆயிரம் இன்ஜினுக்கு நடுவில் கேட்டாலும் எனக்கு அது தெரியும். ஸ்பேனரோடு ரோட்டுக்கு ஓடினேன். ஏரிப் பக்கத்து மரங்களுக்கு மேலே அது தட்டுத் தடுமாறி ஏறி வந்தது. கடைத்தெரு முழுக்க வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. மற்றவர்கள் விமானத்தைப் பார்த்தார்கள். நான் கீழ் இடது மூலையைப் பார்த்தேன், அவ்வளவு உயரத்தில் அது தெரியாது என்று தெரிந்தும் பார்த்தேன்.

ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றும் சுற்றியது. என்னை ரோட்டில் நிறுத்திய ஆள் அவர், அவர் கீழே விழக் கூடாது என்று தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பாசத்தினால் இல்லை. எட்டு மூலையும் என் ஒட்டு, இந்தத் தடவை சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. பின்னால் ஒரு மரக்கறி லொறி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது, நான் நகரவில்லை.

சத்தம் தணிந்து மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அப்புறம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு திடலிலிருந்து கைதட்டும் சத்தமும், கூடவே துரை சிரிக்கும் சத்தமும் காற்றில் வந்தன.

அவர் உயிரோடு இறங்கிவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான், அந்த நடுரோட்டில் நின்று அவரை மனசாரத் திட்டினேன். அதுவரை எனக்கு வாய் வரவில்லை.